தூங்குற புளியாரை

எல்லாரும் காலை மடக்கி உக்காந்தாச்சா? ஒரு ஆளு ம் கொட்டணும், மத்த ஆளுக வாயை மூடணும். ம் நின்னுச்சுன்னா கதையும் நிக்கும், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது.

ஒரு காலத்துல, ஒரு கரட்டுமலைக்குக் கீழ, மழைக்கு ஏங்கிக் கெடக்குற ஊரு ஒண்ணு இருந்துச்சாம். அந்த ஊருக்கு ஒரு ராசா இருந்தாராம். ராசான்னதும் யானை, சேனை, தங்கத் தூணுன்னு நெனச்சுக்காதீங்க. அவரு அரமணை நம்ம பள்ளிக்கூடத்தை விடக் கொஞ்சம் பெருசு, அவ்வளவுதான். நடுவுல ஒரு மண் முத்தம், சுத்தி நாலு பக்கமும் தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி அறைக. ராசா பாதி நேரம் தூங்குவாரு, மீதி நேரம் "ராணி சொன்னாச் சரி"ம்பாரு. அதனால அந்த ஊரு நல்லா நடந்துச்சு.

அந்த ராணி இருக்காளே, அவ வீட்டுல ஒரு வழக்கம். மருமக வரும்போது நகை கொண்டு வர்றாளோ இல்லையோ, தாய்வீட்டு மண்ணுல வச்ச ஒரு செடியைச் சட்டியோட கொண்டு வரணும். தாய்வீட்டுச் சட்டின்னு அதுக்குப் பேரு. மழை மாசம் ஓஞ்சு மொத வெயில் அடிக்கிற அன்னைக்கு ராணி வந்து சட்டியைப் பாப்பா. செடி உசுரோட இருந்தா, நீ இந்த வீட்டுப் பொண்ணு. செத்துக் கெடந்தா, சட்டியை இடுப்புல வச்சுக்கிட்டு வந்த வழியே போக வேண்டியதுதான். ஏன் இப்படி ஒரு வழக்கம்னு கேக்காதீங்க, ராணியைத்தான் கேக்கணும். அவ மருமகளா வந்தப்பக் கொண்டுவந்த பவளமல்லிக் கன்னுதான் இன்னைக்கு மரமாகி முத்தத்து நடுவுல நிக்குது.

ராசாவுக்கு ரெண்டு பையனுக. பெரியவன் பொண்டாட்டி பேரு சொர்ணத்தா. அவ ஒரு மல்லிகைச் சட்டியோட வந்தவ, அந்த மல்லிகை கொத்துக் கொத்தாப் பூக்கும். ஆனா ஒரு பூவை ஒருத்தருக்குக் குடுக்க மாட்டா. எண்ணெய் முடிஞ்ச கிண்ணத்தையும் ரெண்டு தடவை வழிச்சுப் பாக்குற ஆளு. பொட்டி நெறையப் பட்டுச்சேலை இருக்கும், வீட்டுக்குள்ள கட்டுறது என்னமோ கிழிஞ்ச பழசு. ராணிக்கு வயசாகுது, இடுப்புல தொங்குற தானியக் குலுக்கைச் சாவியை யாருகிட்டக் குடுப்பான்னு ஊரே பேசுது. "வேற யாரு, நான்தான்"னு சொர்ணத்தா நெனச்சுக்கிட்டு இருந்தா.

அப்பத்தான் சின்ன ராசாவுக்குக் கல்யாணம் ஆச்சு. பொண்ணு மலைக்காரப் பொண்ணு, பேரு உலகாயி. அப்பன் கெடையாது. அம்மாவும், இவளுக்குக் கீழ ரெண்டு தங்கச்சிகளும்தான். கெளம்புற அன்னைக்கு அம்மா ஒரு சின்ன மண்சட்டியைக் கையில குடுத்தா. சட்டி நெறையப் புளியாரை. உங்களுக்குத் தெரியுமே, வாய்க்கா ஓரத்துல மொளைக்கும், ஒரு காம்புல மூணு இலை, மென்னா பல்லு கூசும். அது மஞ்சப் பூப் பூக்கும். இது மலைப் புளியாரை, ரோஸ் கலர்ல பூக்கும். சாயங்காலமானா மூணு இலையையும் கீழ மடக்கிக்கிட்டுத் தூங்கும். காலையில வெயில் பட்டதும் முழிச்சுக்கும்.

அம்மா சொன்னா, "ஏத்தா உலகாயி, மூணு சொல்லு சொல்றேன், மனசுல முடிஞ்சுக்க. காலை வெயிலைக் காட்டு, உச்சி வெயிலைக் காட்டாத, இது ஒண்ணு. மண்ணுக்குள்ள வெரலை விட்டுப் பாரு, காஞ்சிருந்தாத் தண்ணி ஊத்து, ஈரமிருந்தா ஊத்தாத, இது ரெண்டு. அது தூங்கும்போது எழுப்பாத, இது மூணு."

"எல்லாச் செடியும் தூங்குமாம்மா?"

"இது ரெண்டு தூக்கம் தூங்கும்டி. தெனம் ஒரு தூக்கம், வருசத்துக்கு ஒரு தூக்கம். பெரிய தூக்கம் தூங்கும்போது செத்துப்போன மாதிரியே இருக்கும். பயந்து போயிறாத. தோண்டிப் பாக்காத. அதுவா எந்திரிக்கும்."

சரின்னு சட்டியைத் தூக்கிக்கிட்டு உலகாயி மலை எறங்கி வந்தா. திருப்பி அனுப்புன பொண்ணு இருக்குற வீட்டுல அடுத்த பொண்ணைக் கேட்டு ஒருத்தனும் வரமாட்டான், அது அவளுக்கு நல்லாத் தெரியும். தங்கச்சிக ரெண்டு பேரு வாழ்க்கையும் அந்தச் சட்டிக்குள்ளதான் இருக்குன்னு மார்போட அணைச்சுக்கிட்டு வந்தா.

வந்து தாழ்வாரத்துல வச்சா. மறுநாள் காலையில வெயில் ஏறுனதும் பூவெல்லாம் விரிஞ்சுச்சு பாருங்க, ராசா தூக்கத்துல இருந்து எந்திரிச்சு வந்து நின்னு பாத்தாரு. சாயங்காலம் அத்தனை இலையும் மடங்குச்சு. "அடேயப்பா, என்னை மாதிரியே நேரத்துக்குத் தூங்குது"ன்னு அவருக்கு ஒரே சந்தோசம். ராணியும் பாத்தா, சிரிச்சா. அந்தச் சிரிப்பைச் சொர்ணத்தா பாத்துட்டா. வந்துச்சு வினை.

மொதல்ல என்ன பண்ணுனா? ஆசையா வந்து, "தங்கச்சி, மலையில ஊத்துத் தண்ணி குடிச்சு வளந்த செடி, இங்க வந்து நாக்கு வறண்டு கெடக்குதும்மா"ன்னு சொல்லிச் சொல்லி, உலகாயி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு செம்புத் தண்ணியை ஊத்தி வச்சா. இலையெல்லாம் மஞ்சளாப் போச்சு, காம்பு கொழகொழன்னு சாஞ்சுச்சு. உலகாயி வெரலை விட்டுப் பாத்தா, சேறு. அம்மா சொன்னதை நெனச்சா. சட்டியைச் சாச்சுத் தண்ணியை வடிச்சா, அடியில இருந்த ஓட்டையை ஈர்க்குச்சியால குத்தி விட்டா, காயுற வரைக்கும் சொட்டுத் தண்ணி காட்டலை. செடி நிமிந்துச்சு.

ரெண்டாவதா என்ன பண்ணுனா? "தங்கச்சி, வெயிலை இப்படித் தேடுதே, பாவம்"னு சொல்லி, சட்டியைத் தூக்கி மொட்டை மாடியில நட்டநடு வெயில்ல வச்சா. செடி பயந்து போயி பட்டப் பகல்லயே இலையை மடக்கிக்கிச்சு. உலகாயி தேடி ஓடிப் பாத்தா. அம்மா சொன்னதை நெனச்சா. தாழ்வாரத்து நெழலுக்குக் கொண்டாந்து, ஈரத்துணியைச் சட்டியைச் சுத்திக் கட்டி வச்சா. மறுநாள் காலையில செடி முழிச்சுக்கிச்சு.

ஆனா உலகாயிக்கு ஒரு சந்தேகமும் வரலை. அக்கா பாசத்துலதான் பண்ணுதுன்னு நெனச்சா. வெள்ளை மனசு. ஏய், யாரு அங்க சிரிக்கிறது? வெள்ளை மனசுன்னா மக்குன்னு அர்த்தமில்லை, தெரிஞ்சுக்க.

அப்புறம் கோடை வந்துச்சு. கெணறு வத்துச்சு, கரடு வெளுத்துச்சு, முத்தத்து மண்ணு பாளம் பாளமா வெடிச்சுச்சு. ஒரு நாள் புளியாரையில ஒரு இலை காஞ்சுச்சு, அப்புறம் ஒண்ணு, அப்புறம் ஒண்ணு. பூ நின்னுச்சு. கடைசியில சட்டியில நாலு காஞ்ச காம்பு, அவ்வளவுதான் மிச்சம். வீடே வந்து எட்டிப் பாத்து உச்சுக் கொட்டுச்சு. சொர்ணத்தா மூக்கைச் சிந்தி அழுதா, "அய்யோ தங்கச்சி, செத்துப் போச்சே!"

"சாகலைக்கா, தூங்குது. அம்மா சொல்லியிருக்கு. செத்தது மாதிரி இருக்கும், தோண்டிப் பாக்கக் கூடாது, அதுவா எந்திரிக்கும்."

சொல்லிட்டாளே! வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். சட்டியைக் கொண்டுபோயி அறை வாசல்ல, இருட்டான ஓரமாப் பாத்து வச்சா, தண்ணி ஊத்தலை, தொடலை. தெனம் காலையில வந்து பக்கத்துல உக்காந்து ஒரு வார்த்தை பேசிட்டுப் போவா, ஒறங்குற புள்ளைகிட்டப் பேசுறாப்புல மெதுவா.

சொர்ணத்தாளுக்கு இருப்புக் கொள்ளலை. "எந்திரிக்கும்ங்கிறாளே, நெசமாவே எந்திரிச்சுட்டா?" ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்ட மயக்கத்துல அரமணையே குறட்டை விட்டுக்கிட்டு இருக்கு. மெல்ல வந்து சட்டியைக் கையால தோண்டுனா. உள்ள பாத்தா, மொளகு மொளகாக் குட்டிக் கெழங்கு, மண்ணோட மண்ணா அப்படியே உசுரோட கெடக்கு. "அடி கள்ளி, இங்கயா ஒளிஞ்சிருக்க"ன்னு, மண்ணையும் கெழங்கையும் மொத்தமா அள்ளி மடியில கட்டுனா. முத்தத்து மண்ணைச் சட்டியில ரொப்பி, அடையாளம் தெரியாம இருக்க மேலாப்புல கெழங்கில்லாம ஒரு பிடி மலை மண்ணைத் தூவி, காஞ்ச காம்பை மறுபடி சொருகி வச்சுட்டா. உலகாயி தோண்டிப் பாக்க மாட்டான்னு அவளுக்குத்தான் தெரியுமே!

இனி அந்த மண்ணைக் கொண்டுபோயிக் குப்பையில கொட்டியிருந்தா கதை அதோட முடிஞ்சிருக்கும். ஆனா அவ யாரு? சொர்ணத்தா. மடியைத் தொட்டுப் பாத்தா, மலை மண்ணு, கருகருன்னு, மாவு மாதிரி. "இதைப் போயிக் கொட்டுறதா? என் மல்லிகைக்கு ஆகுமே, கெழங்கும் மக்கி உரமாயிரும்"னு தோணுச்சு. முத்தத்தைக் குறுக்க கடந்து, பவளமல்லியைச் சுத்தி, எதுத்த தாழ்வாரத்துல இருக்குற தன்னோட மல்லிகைச் சட்டிக்கு நடந்தா. மண்ணு பட்டு நல்ல சேலை கெட்டுப் போகும்னு அன்னைக்கும் கிழிஞ்சதைத்தான் கட்டியிருந்தா. மடியில ஒரு ஓட்டை. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு கெழங்கு விழுது, விழுந்த கெழங்கு உருண்டு போயி மண்ணு வெடிப்புக்குள்ள ஒளிஞ்சுக்குது. அவளுக்குத் தெரியலை. மிச்ச மண்ணை மல்லிகைக்குப் போட்டுட்டுக் கையைக் கழுவிட்டா.

ம் கொட்டுங்கடா, தூங்கிட்டீங்களா?

அப்புறம் மழை வந்துச்சு. ஐப்பசி மழைன்னா அப்படி ஒரு மழை, வானமே தெரியலை. முத்தம் முழுக்கச் சேறு, கண்ட பூண்டும் புல்லும் மொளைச்சுப் பச்சையாக் கெடந்துச்சு, எறங்கிப் பறிக்க ஆளில்லை. உலகாயி சட்டியைத் தாழ்வாரத்து ஓரத்துக்கு நகத்தி, கொஞ்சமா ஈரம் காட்டி, வெரலைக் கூட விடாம காத்துக்கிட்டு இருந்தா. ஒரு மொளை வரலை.

மொதல்ல புருசன் வந்தான். "உலகாயி, நான் குதிரையில போயி உங்க மலையில இருந்து வேற ஒரு செடியைப் புடுங்கியாந்து வச்சுர்றேன். யாருக்குத் தெரியப்போகுது?"

உலகாயிக்கு அழுகை வந்துருச்சு. "வேண்டாங்க. அப்படி வச்சா, எங்கம்மா குடுத்தது செத்துப் போச்சுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அது தூங்குதுங்க."

அப்புறம் ராசா வந்தாரு. "ஏம்மா, லேசாத் தட்டி எழுப்பிப் பாரேன். என்னை எல்லாரும் அப்படித்தான் எழுப்புறாங்க."

"வேண்டாம் மாமா. தூங்கட்டும்."

அப்புறம் சொர்ணத்தா வந்தா. "தங்கச்சி, இப்பவே கெளம்பிருறியா? எல்லாரும் பாக்க அவமானப்பட்டுப் போறதுக்கு, நீயா மரியாதையாப் போயிரலாமே."

"வேண்டாங்க்கா. அது முழிக்கும்போது நான் பக்கத்துல இருக்கணும்."

வெளிய சொன்னாளே ஒழிய, உள்ள அவளுக்கும் பயம்தான். அம்மா சொன்னது தப்பாப் போகுமான்னு ஒரு நெனப்பு, அப்படி நெனச்சதுக்கே தன் மேல ஒரு கோவம். தங்கச்சிக மூஞ்சியை நெனச்சா, சோறு எறங்கலை.

சொர்ணத்தாளுக்கும் அங்க நிம்மதி இல்லை. அவ மல்லிகைச் சட்டியில மூணு இலை மொளைச்சுச்சு. பறிச்சா. மறுநாள் ஆறு இலை. பறிச்சா. மறுநாள் சட்டி விளிம்பு தெரியாம மொளைச்சுச்சு. அதையும் பறிச்சா. மேல பறிச்சா உள்ள இருக்குற கெழங்குக்கு என்ன, அது பாட்டுக்கு மொளைக்குது!

கடைசியா ஒரு விடியக்காலையில மழை ஓஞ்சுச்சு. கெழக்க மேகம் லேசா வெளுத்துச்சு. இன்னைக்கு வெயில் வரும்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. ராணி வந்தா, ராசா வந்தாரு, பையனுக வந்தானுக, வேலைக்காரங்க வந்தாங்க, அத்தனை பேரும் தாழ்வாரத்துல நின்னாங்க. ராணி குனிஞ்சு உலகாயி சட்டியைப் பாத்தா. வெறும் மண்ணு.

ராணி நிமிந்தா. "உலகாயி, உன்னை எனக்குப் புடிக்கும்மா. ஆனா இது எங்க மாமியாருக்கு மாமியா காலத்துல இருந்து வர்ற வழக்கம். சட்டியை எடுத்துக்க."

உலகாயி குனிஞ்சு சட்டியை எடுத்து இடுப்புல வச்சா. கண்ணுல தண்ணி தாரையா வருது, ஆனா கொரல் தெளிவா இருந்துச்சு. "அத்தை, போறேன். ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். மொத வெயில்லதானே சட்டி பாக்கணும்னு வழக்கம்? வெயில் இன்னும் வரலையே. வந்ததும் போறேன்."

சொர்ணத்தா சிரிச்சா. "வெயில் வந்தா மட்டும் வெறும் மண்ணுல பூப் பூக்குமாக்கும்!"

"கேக்குறது நாயம்தான்"னா ராணி. "இருப்போம்."

எல்லாரும் நின்னாங்க. உலகாயி தாழ்வாரத்தை விட்டு எறங்கி, வெறுங்காலோட முத்தத்துல நின்னா. மேகம் விலகுச்சு. மலைக்குப் பின்னால இருந்து சூரியன் மேல வந்துச்சு. வெயில் மொதல்ல கூரையில பட்டுச்சு, அப்புறம் பவளமல்லி உச்சியில பட்டுச்சு, அப்புறம் மெல்ல மெல்ல எறங்கி முத்தத்து மண்ணைத் தொட்டுச்சு.

அவ காலடியில என்னமோ அசைஞ்சுச்சு.

குனிஞ்சு பாத்தா, புல்லுக்கு நடுவுல மூணு இலை, மடங்கிக் கெடந்தது மெதுவா விரியுது. பக்கத்துலயே இன்னொண்ணு. அதுக்குப் பக்கத்துல இன்னொண்ணு. இத்தனை நாளு வெயில் இல்லாம மடங்கி, பூண்டோட பூண்டாக் கெடந்ததுக, வெயில் போற வழியில ஒண்ணு ஒண்ணா முழிச்சுக்கிச்சு. இலை முழிச்சதும் அதுக்கு நடுவுல நூலாட்டம் நின்ன மொட்டு ஒவ்வொண்ணும் முறுக்கு அவுந்து, ரோஸ் கலர்ல ஒரு பூ, இன்னொரு பூ, இன்னொரு பூ. வெயில் நகர நகர பூவும் கூடவே நகந்து போகுது. உலகாயி அறை வாசல்ல இருந்து கெளம்பி, முத்தத்தைக் குறுக்க தாண்டி, பவளமல்லியைச் சுத்தி வளைஞ்சு, யாரோ நடந்து போன மாதிரி ஒத்தையடிப் பாதையாப் பூ.

வேலைக்காரம்மா ஒருத்தி தன்னை அறியாமக் கையெடுத்துக் கும்புட்டா. ராணி வழக்கத்தை மறந்தா, சட்டியை மறந்தா, வாய் மேல கையை வச்சுக்கிட்டுச் சின்னப் புள்ளையாட்டம் நின்னா. உலகாயி அப்படியே சேத்துல மண்டி போட்டு உக்காந்து, ஒரு பூவைத் தொடாமத் தொட்டு, "முழிச்சுட்டியா?"ன்னா. அம்மா சொன்னது பொய்யாப் போகலை. அவ ஒரு சட்டிக்குள்ள தேடிக்கிட்டு இருந்தது முத்தம் பூராவும் அவளைப் பாத்துக்கிட்டு நின்னுச்சு.

எல்லாரும் மலைச்சுப் போயி நிக்கும்போது, ஒரே ஒருத்தரு மட்டும் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு முத்தத்துல எறங்குனாரு. யாரு? நம்ம ராசா. "அட, வழி போட்டிருக்கே, எங்க போகுதுன்னு பாப்போமே"ன்னு பூவை மிதிக்காமக் குதிச்சுக் குதிச்சுப் போறாரு. முத்தத்தைத் தாண்டுனாரு, பவளமல்லியைச் சுத்துனாரு, எதுத்த தாழ்வாரத்துல ஏறுனாரு, மல்லிகைச் சட்டிக்கு முன்னாடி போயி நின்னாரு. பாதை அதோட முடிஞ்சுச்சு. அன்னைக்குக் காலையிலதான் சட்டியைச் சுத்தமாப் பறிச்சு வச்சிருந்தா சொர்ணத்தா. ராசா சட்டிக்குள்ள வெரலை விட்டுக் கெளறுனாரு. கை நெறையக் குட்டிக் கெழங்கு.

"ஏம்மா மூத்த மருமகளே, மல்லிகைச் சட்டியில வெங்காயமா போட்டிருக்க?"

சொர்ணத்தா மூஞ்சி வெளுத்துப் போச்சு. ராணி பூவைப் பாத்தா, மல்லிகைச் சட்டியில கெடந்த கறுப்பு மலை மண்ணைப் பாத்தா, உலகாயி இடுப்புல இருந்த சட்டியைக் கெளறி அடியில முத்தத்துச் செம்மண்ணைப் பாத்தா, சொர்ணத்தா கட்டியிருந்த கிழிஞ்ச சேலையைப் பாத்தா, அதுல இருந்த ஓட்டையையும் பாத்தா. அவளுக்கு எல்லாம் வெளங்கிப் போச்சு.

"அத்தை, என்னை அனுப்பிறாதீங்க"ன்னு சொர்ணத்தா கால்ல விழுந்தா.

"அனுப்ப மாட்டேன்"னா ராணி. "நீ அள்ளுனதை நீயே திருப்பிக் குடு. இந்தக் கெழங்கை மொதல்ல உலகாயி சட்டியில போடு. அப்புறம் அந்த மல்லிகைச் சட்டியில ஒத்தப் புளியாரை இல்லாம சுத்தம் பண்ணு. என்னைக்குச் சுத்தமாகுதோ அன்னைக்கு வந்து சாவியைப் பத்திப் பேசு."

சரின்னு உக்காந்தா சொர்ணத்தா. இன்னைக்குப் பறிப்பா, நாளைக்கு மொளைக்கும். நாளைக்குப் பறிப்பா, நாளான்னைக்கு மொளைக்கும். தலை நரைச்சுச்சு, பல்லு விழுந்துச்சு, இன்னும் பறிச்சுக்கிட்டுத்தான் இருக்காளாம்.

குலுக்கைச் சாவி உலகாயி இடுப்புக்கு வந்துச்சு. தங்கச்சிக ரெண்டு பேரையும் நல்ல வீட்டுல இருந்து கேட்டு வந்தாங்க. ஆளுக்கு ஒரு சட்டிப் புளியாரையை அக்காதான் குடுத்து அனுப்புனா, அதே மூணு சொல்லோட. முத்தத்துல அந்தப் பூப் பாதையை யாரும் பெருக்கலை, யாரும் மிதிக்கலை. கோடையில காணாமப் போகும். ஊருக்குப் புதுசா வந்தவங்க, "செத்துப் போச்சா?"ன்னு கேப்பாங்க. "சத்தம் போடாதீங்க, தூங்குது"ம்பாரு ராசா. வருசா வருசம் மழை ஓஞ்சு மொத வெயில் வர்ற அன்னைக்கு ஊரே வந்து தாழ்வாரத்துல மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கும்.

அதனாலதான் சொல்றேன், தூங்குறதைப் பாத்துச் செத்ததுன்னு சொல்லாதீங்க, அடுத்தவங்க சட்டியில கை வைக்காதீங்க.

புளியாரை இலையை மடக்கிருச்சு, நான் கதையை மடக்கிட்டேன், நீங்க கண்ணை மடக்குங்க. வெயில் வந்து எழுப்பும்.